இறங்குற எடத்துல யாரு நிப்பாங்க?

குருன்னா காவி கட்டியிருக்கணும்னு யாரு சொன்னது? எங்க ஊரு குரு சுடிதார் போட்டுக்கிட்டு ஸ்கூட்டியில வரும். பேரு சுகுணவதி, வயசு முப்பத்தி நாலு. கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கற இன்சூரன்ஸ் ஆபீசுல அந்தப் புள்ளையாட்ட பாலிசி எழுதற வேற ஏஜெண்டு கிடையாது.

சீடருக்கு வயசு அம்பத்தி நாலு. பேரு சென்னியப்பன். இருபத்தேழு வருசம், காத்தால ஏழு பத்துக்குக் கெளம்பற பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு. முழங்கால் ரெண்டும் தேஞ்சு போயி, படியில நிக்க முடியாம வேலையை உட்டாரு.

நான் அந்த ஆபீசுக்கு எதுத்தாப்புல செராக்ஸ் கடை வெச்சிருக்கறேன். பாலிசி எழுதறவங்க ஆதார் காப்பிக்கு எங்கிட்டத்தான் வரணும். அதனால இந்தக் கதை பாதிக்கு மேல என்ற மேசை மேலயே நடந்துச்சு.

சென்னியப்பன் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, ஏஜெண்டு ஆயி ரெண்டரை மாசம். ஒரு பாலிசி எழுதலை. அதுக்குள்ள அவரு எடுத்த செராக்ஸ் மட்டும் ஒரு கட்டு இருக்கும்.

ஆபீசர் கூப்புட்டுச் சொல்லிப்போட்டாரு. "மாசக் கடைசிக்குள்ள ஒண்ணே ஒண்ணு கொண்டு வாங்க. இல்லைன்னா உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பழைய பஸ் முதலாளியும் சொல்லி உட்டிருந்தாரு. ஒண்ணாந்தேதி ஷெட்டுக்கு வாட்ச்மேனா வந்துரட்டும், கேட்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு வெச்சிருக்கறேன்னு. நல்ல மனசுலதான் சொன்னாரு.

"அந்த ஸ்டூல்ல நான் எப்படி உக்காருவேன்?" ன்னாரு சென்னியப்பன் எங்கிட்ட. "தெனமும் காத்தால ஏழு பத்து என் மூஞ்சிக்கு முன்னாடி வெளிய போவும். எவனோ ஒரு பையன் விசில் ஊதுவான். நான் கேட்டைச் சாத்தோணும்."

சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு. நான் மிசினுக்குள்ள பேப்பர் சிக்கிக்கிட்ட மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

இருவதாந்தேதி மத்தியானம் தலைமுடியெல்லாம் உப்பும் மொளகாயுமா வந்து நின்னாரு மனுசன்.

"என்னுங்ணா இது?"

"சித்த தண்ணி குடு, சொல்றேன்."

நடந்தது இதுதான். வாய்க்கால்மேட்டு ஆறுச்சாமி ஊட்டுல போன வாரம் மவளுக்குக் கண்ணாலம். அன்னிக்குப் பொண்ணும் மாப்பளையும் மறுவீட்டு விருந்துக்கு வந்திருக்கறாங்க. ஊடு முச்சூடும் சொந்தபந்தம், ஒறம்பரை. கூட்டத்தைக் கண்டா வண்டியை நிறுத்தற கண்டக்டர் புத்தி, உடுமா? நேரா உள்ள போயிட்டாரு. டிரெய்னிங்குல சொல்லிக் குடுத்த மொத வாக்கியத்தை, பஸ்ஸுல டிக்கெட் கேக்கற சத்தத்துல எடுத்து உட்டிருக்கறாரு.

"ஏனுங் ஆறுச்சாமி! நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா இந்தக் குடும்பத்தோட கதி என்னுங்?"

எலையில உக்காந்திருந்த மாப்பளை கையில எடுத்த ஜாங்கிரியைக் கீழ வெச்சுட்டாராம்.

ஆறுச்சாமி சம்சாரம் ரங்காத்தா சமையக்கட்டுல இருந்து வந்தாங்க. ஒரு கையில சீமாறு, இன்னொரு கையில உப்பும் மொளகாயும். குடும்பத்துக்கே சுத்திப்போட்டு, அதை அடுப்புல போடாம சென்னியப்பன் தலையில போட்டுட்டாங்க.

அந்த நேரம் பாத்து சுகுணா செராக்ஸ் எடுக்க வந்துச்சு. கதையைக் கேட்டுட்டு அந்தப் புள்ள சிரிச்ச சிரிப்புல கையில இருந்த படிவமெல்லாம் கீழ உழுந்துருச்சு.

"ஜாங்கிரியைக் கீழ வெச்சுட்டாரா? அய்யோ, சாமி!"

சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஆனா உடனே நின்னுபோச்சு.

"அம்மிணி, பத்து நாள் இருக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. அந்த வார்த்தையைச் சொன்னா தொரத்தறாங்க. சொல்லாட்டி எவனும் பாலிசி போட மாட்டான். அந்த வார்த்தையை எப்படித்தாஞ் சொல்றது?"

"எந்த வார்த்தை?"

"அதான், சாவு."

"அது கெடக்குது போங்க. நாளைக்கு வாங்க, பாப்போம்."

மறுநா சென்னியப்பன் தாம்பாளத்தோட வந்து நின்னாரு. வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்கா.

"என்னுங்ணா, எனக்குச் சீரு கொண்டு வந்திருக்கறீங்களா?" ன்னுச்சு சுகுணா.

"குரு தச்சணைங். வயசு என்ன கணக்கு? தெரிஞ்சவங்க கால்ல உழுவ எனக்கு வெக்கமில்லை."

"உழுந்தா எந்திரிக்க முடியுமா அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு? சும்மா உக்காருங்க."

சுகுணா ஒரு வாழைப்பழத்தை உரிச்சு வாயில போட்டுக்கிட்டுத் தாம்பாளத்தை எம்பக்கம் தள்ளுச்சு. அப்புறம் கேட்டுச்சு.

"ஏழு பத்துல தெனமும் வந்தவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"ஒரு நோட்டு வாங்கி எழுதிட்டு வாங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

அந்த மேசையில, என்ற மிசினுக்குப் பக்கத்துலயே உக்காந்து எழுதுனாரு. பன்னெண்டே முக்கால் ஆனா மட்டும் எந்திரிப்பாரு. வெளிய வேப்பமரத்தடியில அவரு சம்சாரம் பாவாத்தா சோத்துத் தூக்குப்போசியோட நிப்பாங்க. ஓட்டல் சோறு ஆவாதுன்னு டாக்டர் சொன்னதால மட்டுமில்லை, வண்டியில இருந்த காலத்துலயும் அப்படித்தான். அப்ப வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல்ல கையை நீட்டி வாங்கிக்குவாரு. இப்ப நடந்து போயி வாங்கிக்கறாரு, அதான் வித்தியாசம். "ம்" னு ஒரு சத்தம். திரும்பி வந்துருவாரு. கடைக்குள்ள வாங்கக்கான்னு நான் கூப்புட்டா, "கூட்டமா இருக்குது சாமி" ன்னு சொல்லிட்டு அங்கியே நிப்பாங்க.

ரெண்டு நாள்ல நோட்டு ரொம்பிருச்சு. நூத்தி நாப்பத்தியொரு பேரு. யாரு எந்த ஸ்டாப்புல ஏறுவாங்கன்னு வேற எழுதியிருந்தாரு. நானே அசந்துபோயிட்டேன்.

சுகுணா புரட்டிப் பாத்துச்சு.

"ஏறுன எடம் இருக்குது. சாயங்காலம் பொழுதோட அதே வண்டியில திரும்பிப் போயி எங்க இறங்குவாங்க?"

அதையும் எழுதுனாரு. ஒரு நாள் போச்சு.

"சரி. இறங்குற எடத்துல யாரு நிப்பாங்க?"

சென்னியப்பன் நோட்டைப் பட்டுன்னு மூடுனாரு.

"அம்மிணி, எனக்கு இங்க தீப்புடிச்சுக் கெடக்குது, நீங்க கோலம் போடச் சொல்றீங்க. இன்னைக்குத் தேதி இருவத்தி நாலு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"இதை எழுதுனா பாலிசி வருமா?"

"எழுதாட்டி எனக்கு எப்படிங்ணா தெரியும்?"

மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "ஏம் புள்ள, பாவம், ஒரு வழி சொன்னா என்ன?" ன்னு கேட்டேன். "காப்பி தேயுது பாருங்க, டோனர் மாத்துங்க" ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அதுக்கு எப்பவுமே அந்த வாய்தான்.

மறுநா காத்தால நான் கடை தெறக்கும்போதே சென்னியப்பன் படியில உக்காந்திருந்தாரு. கோபத்தைக் காணம். மடியில நோட்டு, கண்ணெல்லாம் ஒரே வெளிச்சம்.

"இதைக் கேளு" ன்னு படிச்சாரு. "தையக்காரர் நாசர். குப்பம்புதூர். தங்கச்சி மவன், சைக்கிளோட. சத்துணவு டீச்சர் லில்லிபுஷ்பம். மேக்காட்டுப் பிரிவு. நாயி. நாயி பேரு ராஜப்பா."

"நாயி பேரு கூடவா?"

"டீச்சர் இறங்குனதும் அது பஸ்ஸைப் பாத்து ஒரு கொரைப்புக் கொரைக்கும், 'போலாம் ரைட்' டுங்கற மாதிரி. நான் விசிலே ஊத மாட்டேன்."

படிச்சுக்கிட்டே போனாரு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு சிரிப்பு. நர்ஸம்மா புருசன் கொடையை மறந்துட்டு வந்து தெனமும் திட்டு வாங்கறது, சந்தைக்கடைக்காரரு அம்மா எல்லா வண்டிக்கும் வந்து வந்து பாத்துட்டுப் போறது. சுகுணா எப்ப வந்து பின்னால நின்னுச்சுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியலை.

ஒரு எடத்துல சத்தம் நின்னுபோச்சு.

"ஆறுச்சாமி. வாய்க்கால்மேடு" ன்னாரு. "மவ தர்சினி. மைல்கல்லு மேல."

"அந்தக் கண்ணாலப் பொண்ணா?" ன்னேன்.

"அதேதான். ஒண்ணாவது படிக்கையில இருந்து அந்த மைல்கல்லு மேல உக்காந்திருக்கும். ஒரு நா நல்ல மழை. ஒரு உரச்சாக்கைக் குல்லாயாட்ட கொங்காணி மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இன்னொரு சாக்கு மடியில. அப்பனுக்காமா. அது நனைஞ்சுரும்னு பாவாடையில சுத்தி வெச்சிருந்துச்சு."

துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு.

"அந்தப் புள்ளைக்கு முன்னாடி போயி நின்னுதான் நான் அப்படிக் கத்துனேன், பாத்துக்க."

சுகுணா பையில இருந்து ஒரு பாலிசிப் படிவத்தை எடுத்துச்சு. மேசை மேல வெச்சு, முன்னப் பின்ன மடிச்சு, மறுபடி மடிச்சு, நகத்துல அழுத்தித் தேச்சுச்சு. கடைசியில ஒரே ஒரு கட்டம் மட்டும் வெளிய தெரிஞ்சுது. நாமினி. பணம் யாரு கைக்குப் போவோணும்னு பேரு எழுதற கட்டம்.

"இதை மட்டும் நெரப்பிட்டு வாங்க."

"மேல இருக்கறதெல்லாம்?"

"அதை அவங்களே பிரிச்சுப் பாத்துக்குவாங்க."

"பிரிக்காட்டி?"

"மடிச்சது மடிச்சபடி சட்டை ஜோப்புல வெச்சுக்கிட்டு வந்துருங்க. கசங்காம இருந்தா எனக்கு ஆவும்."

சென்னியப்பனை என்ற மொபெட்டுல உக்கார வெச்சு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அந்த முழங்காலோட அவரு எப்ப நடந்து போயிச் சேர்றது?

வாய்க்கால்மேட்டுல ஊட்டு வாசல்லயே ரங்காத்தா கூட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பாத்ததும் கூட்டறது நின்னுச்சு. சீமாறு நிமுந்துச்சு.

"மறுபடியுமா?"

சென்னியப்பன் வேலிக்கு வெளியவே நின்னுக்கிட்டாரு. "உள்ள வரலைங். அன்னைக்குப் பேசுனதுக்கு மாப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இன்னொண்ணும் கேக்கோணும். மைல்கல்லு இன்னும் இருக்குதுங்களா?"

"என்ன மைல்கல்லு?"

"தர்சினி உக்காரும் பாருங், அப்பா வர்ற வரைக்கும்."

ரங்காத்தா கையில சீமாறு எறங்கிருச்சு.

உள்ள இருந்து ஆறுச்சாமி வந்தாரு. "ஏங் கண்டக்டரு, அதெல்லாம் இன்னுமா நெனப்பு வெச்சிருக்கறீங்க?"

"உரச்சாக்குங்க. மடியில ஒண்ணு உங்களுக்குன்னு."

ஆறுச்சாமி அப்படியே நின்னுட்டாரு. "அட ஆமா" ன்னாரு. "அந்தச் சாக்கு. நானே மறந்துபோட்டேன். அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே சாக்குல வந்தோம். இன்னொண்ணை நனையாம ஊட்டுக்கே கொண்டாந்துட்டா, புதுசாட்ட இருக்குதுன்னு."

சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. சிரிப்புக்கு நடுவுல அழுகையும் வந்துருச்சு. பொண்ணு போன ஊடு, கேக்கோணுமா? ரங்காத்தா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. "உள்ள வந்து மோர் குடிங்க" ன்னு எங்களைக் கூப்புட்டது அவங்கதான்.

மோரைக் குடிச்சுட்டு சென்னியப்பன் மெல்லமாக் கேட்டாரு.

"இப்பப் பொழுதோட வந்தா யாருங் நிக்கறாங்க?"

ஆறுச்சாமி சம்சாரத்தைத் திரும்பிப் பாத்தாரு. "யாரு? இவதான். சீமாத்தோட."

ரங்காத்தா வெக்கப்பட்டு சீமாத்தை முதுகுக்குப் பின்னால ஒளிச்சாங்க. நாங்க சிரிச்ச சிரிப்புல கட்டியிருந்த எருமை கூடத் திரும்பிப் பாத்துச்சு.

சென்னியப்பன் சட்டை ஜோப்புல இருந்து மடிச்ச காயிதத்தை எடுத்தாரு.

"முழுப்பேரு எப்படிங் எழுதறது? ரங்காத்தாளா, ரங்கநாயகியா?"

"என்ற பேரா? எதுக்கு?"

"இந்தக் கட்டத்துல உங்க பேரைத்தாங் எழுதோணும்."

"ரேசன் கார்டுக்கு அப்புறம் என்ற பேரை யாருமே கேட்டதில்லை" ன்னாங்க. "ரங்கநாயகி. நல்லா முழுசா எழுதுங்க."

எழுதுனாரு. ஆறுச்சாமி எட்டிப் பாத்தாரு. காயிதத்தை வாங்குனாரு. ஒரு மடிப்பைப் பிரிச்சாரு, இன்னொரு மடிப்பைப் பிரிச்சாரு.

"மேல யாரு பேரு?"

"உங்க பேருங்."

"ஓகோ. அப்ப நான் செத்துப்போனா இவளுக்கு வரும். அதானே?"

"வாயைக் கழுவுங்க!" ன்னு ரங்காத்தா புருசனை சீமாத்துலயே ஒண்ணு போட்டாங்க.

நான் சென்னியப்பனைப் பாத்தேன். அவரு என்னையப் பாத்தாரு. அந்த வார்த்தை ஊட்டுக்காரர் வாயிலயே வந்து, அடியையும் அவரே வாங்கிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் சென்னியப்பன் எல்லாத்தையும் வெவரமாச் சொன்னாரு. எது வரும், எது வராது, எத்தனை வருசம் கட்டோணும், நடுவுல நிறுத்துனா என்ன ஆவும். மறைக்காம, பஸ்ஸு நிக்காத ஸ்டாப்பை ஏறும்போதே சொல்லிப்போடற கண்டக்டராட்ட சொன்னாரு. ஆறுச்சாமி நாலு கேள்வி கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

திரும்பி வரும்போது மொபெட்டுல பின்னால உக்காந்துக்கிட்டு வழி முச்சூடும் விசில் அடிச்சுக்கிட்டே வந்தாரு. மைல்கல்லுக்கிட்ட நிறுத்தச் சொல்லி, இறங்கி, அதை ஒரு தட்டுத் தட்டிட்டு வந்து ஏறுனாரு. "ரைட்! போலாம்!" ன்னு போட்ட சத்தத்துல எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

ரெண்டு நாள்ல எல்லா காயிதமும் சேந்து, பாலிசி ஆபீசுல ஏறிருச்சு. ஆபீசர் கையைக் குலுக்குனாரு. ஷெட்டுக்குப் போன் பண்ணி, "ஸ்டூலை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க முதலாளி" ன்னு சென்னியப்பன் சொன்னது என்ற கடையில இருந்துதான். போனை வெச்சுட்டு ஆடாத குறைதான், முழங்கால் உடலை.

சுகுணா வந்துச்சு. சென்னியப்பன் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சாரு.

"எல்லாஞ் சரிங் அம்மிணி. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலை. அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது?"

சுகுணா அந்த நோட்டைக் கேட்டு வாங்குச்சு. மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வெரல் வெச்சுப் பாத்துச்சு.

"இதுல ஒரு ஆளு விட்டுப்போச்சுங்ணா."

"இருக்காது. டிரைவர் வரைக்கும் எழுதியிருக்கறேன்."

"கண்டக்டரைக் காணமே."

சென்னியப்பன் சிரிச்சாரு. "நான் எங்கம்மிணி இறங்கறது? எல்லாத்தையும் இறக்கி உடறவன் நானு. எனக்கு யாரு வந்து நிக்கப் போறாங்க?"

சுகுணா புதுசா ஒரு படிவம் எடுத்துச்சு. முன்னப் பின்ன மடிச்சு, அந்தக் கட்டம் மட்டும் தெரியறாப்புல நகத்துல தேச்சு, அவரு முன்னாடி வெச்சுச்சு.

"பன்னெண்டே முக்கால் ஆச்சுங்ணா. வெளிய பாத்துட்டு வந்து எழுதுங்க."

அவரு திரும்புனாரு. வேப்பமரத்தடியில பாவாத்தா நின்னுக்கிட்டு இருந்தாங்க. தூக்குப்போசியை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டாங்க.

பேரைச் சொல்லிக் கூப்புடத்தான் வாயைத் தெறந்தாரு. பஸ் ஸ்டாண்டு முச்சூடும் கேக்கற மாதிரி இருபத்தேழு வருசம் ஊருப் பேரெல்லாம் கூப்புட்ட தொண்டை அது. அன்னைக்கு அதுல சத்தமே வரலை.